தீனபந்து ஆண்ட்ரூஸ்

கிறிஸ்தவ வேதத்தில் வரம் என்னும் சொல் பெரிதும் வழங்குகிறது. தெய்வ ஆவி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரத்தை அளிக்கிறதென்றும், அது பெற்றவனுடைய பெருமைக்காக அல்லாமல் எல்லோருடைய நன்மைக்காகவுமே அளிக்கப்படுகிறதென்றும் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் விளக்கியிருக்கிறார். சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் பிறந்த குடும்பமோ இவ்விஷயத்தில் தனிச் சிரத்தை கொண்டது. தீர்க்கதரிசனம், நோய் தீர்த்தல் முதலிய வரங்கள் மீண்டும் வந்துவிட்டன என்று நம்பிய ஒரு சிறு சபையில் அவருடைய தந்தையார் குருவாயிருந்தார். குடும்பச் சொத்தை நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவர் அழித்துவிட்டபோது, அந்த நண்பருக்காகவே தந்தையார் பிரார்த்தனை செய்ததை அச்சிறுவர் கண்டார். அற்புதங்களை எதிர்பார்த்த அந்த வீட்டில் அவர் கண்ட மெய்யான அற்புதம் அதுவே என்பது நமது அபிப்பிராயம்.

1871-ம் வருஷம் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் பிறந்த ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜில் பயின்று, தந்தையின் சபையை விட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து, 1897-ல் குருப்பட்டம் பெற்றார். அவருடைய உயிர்த் தோழரான பேஸில் வெஸ்காட் டில்லியில் 1900-ல் காலராவுக்கு இரையானார். தோழர் விட்டுச் சென்ற வேலை அவரை அழைத்தது. 1904-ல் டில்லி ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அவரிடம் இருந்த வரம் யாது? அவர் கட்சி நடத்தும் தலைவர் அல்லர். ஸ்தாபனம் கட்டுவதில் சமர்த்தரும் அல்லர். பிறருடைய துன்பத்தின் பக்கத்தில் போய் நின்று, அவர்களில் ஒருவராகிவிடும் சக்தி ஒன்றுதான் அவருக்கு வாய்த்திருந்தது. கலாசாலையின் தலைமைப் பதவி காலியானபோது, வெள்ளையராகிய தமக்கே அது வரக்கூடுமென்ற நிலையில், இந்தியரான சுசீல் குமார் ருத்ராவுக்கே அது உரியதென்று வாதாடி, 1906-ல் அவர் அமர்வதற்குக் காரணமாயிருந்தார். ஆளும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் ஓர் இந்தியருக்குக் கீழே மனமுவந்து வேலை பார்ப்பது அக்காலத்தில் சிறு காரியமல்ல.

1913-ன் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் உச்ச நிலையை அடைந்திருந்தது. சிறை புகுந்தோரிலும் சுரங்கங்களை விட்டு நடந்து சென்றோரிலும் தமிழர் பெருந்தொகையினர் என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். கோகலேயின் வேண்டுகோளின்படி ஆண்ட்ரூஸும் அவர் நண்பர் பியர்ஸனும் கப்பலேறினார்கள். 1914 ஜனவரித் துவக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், காந்தி யார் என்று விசாரித்தறிந்து, குனிந்து அவருடைய பாதத்தைத் தொட்டார் ஆண்ட்ரூஸ். அந்நாட்டு வெள்ளையர் கொதித்தெழுந்தனர். அவர்களுக்குச் சமாதானம் சொல்ல அவர் முயலவில்லை. ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் காந்திக்கும் இடையே உடன்பாடு காணும் வேலையில் முனைந்தார். அந்த ஜனவரியிலேயே இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். மகன் பக்கத்தில் இல்லை. வரத்தைப் பிறருக்காகச் செலவிடுவோர் கொடுக்கும் விலை இத்தகையது.

அவ்வருஷமே அவர் குருத் தொழிலை நிறுத்திவிட்டுச் சாந்திநிகேதனத்தில் ரவீந்திரநாதருடன் சேர்ந்தார். தமது சபையின் பிரமாணங்களில், நம்பாதோரைச் சபிக்கும் பகுதிகளை அவருடைய மனச்சாட்சி ஏற்கவில்லை. கிறிஸ்துவை அவர் விட்டார் என்று சிலர் தூற்றினர். உடை மாறிற்றேயன்றிப் பக்தி மாறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் குருப்பணியை மீண்டும் ஏற்கவும் செய்தார்.

எனினும் அவருடைய வாழ்வின் சிகரம் பீஜித் தீவே என்று கூறுவோம். கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் நமது ஏழைகள் கொண்டு போகப்பட்டனர்; 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சென்றனர். வேலை தவறினால் தண்டிக்கும் கிரிமினல் சட்டம் பற்றி ஒப்பந்தச் சீட்டில் ஒரு வரியும் கிடையாது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் அனுப்பி, குடும்பம் என்பதே நிலைக்க முடியாதபடி செய்தார்கள். பாரதியார் அங்குள்ள பெண்களின் துயரத்தைப் பாடியதற்குக் காரணம் இதுவே. 1915-ல் காலராவிலிருந்து எழுந்த உடம்போடு ஆண்ட்ரூஸ் பியர்ஸனுடன் அங்கே சென்று, கூலி லைன்களில் புகுந்து விசாரித்து, அறிக்கை எழுதினார். தற்கொலைகளைக் கணக்கிட்டுக் காட்டினார். 1916 மார்ச்சில் மாளவியாவின் தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்ஜ் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார். ஆனால் இம்முறை இன்னும் சில வருஷம் நீடிக்குமென்று தெரிய வந்ததும், ஆண்ட்ரூஸ் வைஸ்ராயின் நட்பைப் பாராட்டிச் சும்மா இருக்கவில்லை. தேசம் முழுதும் கிளர்ச்சி எழுந்தது. 1917-ல் ஆள் சேர்ப்பு நின்றது. அவ்வருஷமே அவர் மறுபடியும் பீஜிக்குச் சென்றார். 1920 ஜனவரி முதல் தேதி எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அவரிடம் குறை இல்லாமலில்லை. யார் அழைத்தாலும் மறுக்கத் தெரியாமல் ஒரு வேலை முடியுமுன் மற்றொன்றுக்கு ஓடுவார். தமது துணிமணிகளையும் பிறருக்குக் கொடுத்துவிடுவார். அதிகாரிகளோடு அவர் பேசும் மென்மை தீவிரவாதிகள் பலருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீஷ்காரர் அவரைத் துரோகி என்றனர். நம்மவரில் சிலர் ஒற்றன் என்று ஐயுற்றனர். நண்பரென்று எவரிடமும் உண்மையை மறைத்தவரல்லர் அவர். 1918-ல் மஹாத்மா யுத்தத்திற்கு ஆள் திரட்டியபோதும், 1921-ல் அந்நியத் துணியை எரித்தபோதும் நேரிலே மறுத்தார். ஆயினும் அதே 1921-ல், காங்கிரஸ் பூரண சுதந்திரத்தைத் தீர்மானிப்பதற்கு எட்டு வருஷம் முன்பே, சுதந்திரமே உடனடித் தேவை என்று எழுதியவரும் இவ்வாங்கிலேயரே.

அவ்வருஷம் மே மாதத்தில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய கூலிகள் சாந்த்பூர் ரயில் நிலையத்தில் கூர்க்காச் சிப்பாய்களால் இரவில் அடித்து விரட்டப்பட்டு, காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூஸ் அங்கே போய் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பேஸில் வெஸ்காட்டைக் கொண்டுபோன அதே நோய்.

1940 ஏப்ரல் 5-ம் தேதி கல்கத்தாவில் அவர் உயிர் துறந்தார். மருத்துவமனையில் கிடந்த அவரைக் காந்தியடிகள் வந்து பார்த்தார். ஒருவருக்கொருவர் மோகன், சார்லி என்று அழைத்துக்கொள்ளும் உறவு அவர்களுடையது. அவர் உடல் கல்கத்தாவிலேயே, லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.