பாணினி

பாணினி பண்டைய இந்தியாவைச் சேர்ந்த சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் ஆவார். கி.மு. 5 அல்லது 4 ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் எனக் கருதப்படுகிறார். இவர் இயற்றிய நூல் அஷ்டாத்தியாயி. கணினி நிரலில் மாறிகளுக்கு எல்லை வகுப்பதையும் செயற்கூறுகளுக்கு அளபுருக்கள் தருவதையும் ஒத்த முறைகள் இந்நூலில் காணப்படுகின்றன.

வாழ்க்கை

பாணினி காந்தார நாட்டின் சலாதுரம் என்னும் ஊரினர். இவ்வூர் இன்றைய பாகிஸ்தானின் வடமேற்குப் பகுதியில் இருந்தது. தாயின் பெயர் தாட்சி. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே பாணினிக்குச் சிலை இருந்ததாகக் குறித்துள்ளார். மந்த மாணவராக இருந்த பாணினி சிவனை நோக்கித் தவமிருந்து இலக்கணம் பெற்றார் என்பது கதாசரித்சாகரம் கூறும் கதை.

விதிகளின் எல்லை

அஷ்டாத்தியாயி 8 அத்தியாயங்களும், ஒவ்வொன்றிலும் 4 பாதங்களும், ஏறத்தாழ 4,000 சூத்திரங்களும் கொண்டது. ஒருமுறை கூறிய தலைப்புச் சொல் குறித்த இடம் வரையுள்ள சூத்திரங்கள் அனைத்திலும் தொடரும். இது அதிகாரம் எனப்படும். வினையடி பற்றிய அதிகாரம் 3 ஆம் அத்தியாயத்தின் முதற்பாதத்தில் தொடங்கி அவ்வத்தியாய இறுதியில் முடிகிறது. நூலின் கடைசி 3 பாதங்களில் நிகழும் மாற்றங்கள் முந்தைய விதிகளுக்குப் புலப்படுவதில்லை. செயற்கூறு ஒன்றின் உள்ளே அமைந்த மாறி வெளியே தெரியாதிருப்பதை இது ஒத்துள்ளது.

சூத்திரங்களில் வேற்றுமை உருபுகள் அளபுருக்களைப் போல் பயன்படுகின்றன. ஆறாம் வேற்றுமை மாற்றப்படும் ஒலியையும், முதல் வேற்றுமை அதனிடத்து வருவதையும், ஏழாம் வேற்றுமை பின்னுள்ள சூழலையும் குறிக்கும்.

அதிகாரங்கள் ஸ்வரிதம் என்னும் ஒலிப்பால் அடையாளப்படுத்தப்பட்டன. அவ்வடையாளம் நூற்படிகளில் மறைந்துவிட்டது. எனவே ஓர் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை உரைமரபைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. காத்தியாயனரும் பதஞ்சலியும் இம்மரபின் முன்னோடிகள்.

தமிழகத்தில்

திருவொற்றியூர்க் கோயிலில் சிவன் பாணினிக்கு இலக்கணம் அருளினார் என்பது தலமரபு. இலக்கணம் கற்பிக்க அங்கே வியாகரணதான மண்டபம் இருந்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்விச்சாலையின் 270 இளநிலை மாணவர்களில் 40 பேர் ரூபாவதாரம் பயின்றதாகக் கல்வெட்டு கூறுகிறது. ரூபாவதாரம் பாணினியின் சூத்திரங்களைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கிய நூல். இவ்வரிசை தொடக்க மாணவர்க்கு எளிது. ஆனால், இடம் பெயர்ந்த சூத்திரம் முன்னதிலிருந்து பெற்ற சொல்லை இழப்பதால், அதை ஆசிரியரே நிரப்ப வேண்டியிருந்தது.

கணினியியலில்

நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுத உதவும் பாக்கசு முறையைப் பாணினி–பாக்கசு வடிவம் என அழைக்கலாம் என்று 1967 இல் பீட்டர் இங்கர்மன் முன்மொழிந்தார்.