கர்னல் ஆல்காட்டும் ஊரூர்ப் பள்ளியும்

நம் குழந்தைகள் பிறர் பள்ளிகளின் வாயிற்படியை மிதிக்கவும் அஞ்சி நின்ற காலத்தில், அடையாற்றை அடுத்த ஊரூரில் அவர்களுக்கென்றே ஓர் இலவசப் பள்ளி எழுந்தது. ஆண்டு 1894. நிறுவியவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் அமெரிக்கர்.

அவர் 1832 ஆகஸ்ட் 2ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரிற் பிறந்தார். இளமையில் வேளாண்மையை ஆராய்ந்து, சோளப் பயிர் பற்றி நூல் எழுதினார். உள்நாட்டுப் போரின்போது படைத்துறை ஊழல்களை விசாரித்துக் கர்னல் எனப் பெயர் பெற்றார். பின்னர் வழக்கறிஞரானார். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கி, 1879இல் இந்தியா வந்தார். 1880இல் இலங்கையில் பௌத்தம் தழுவி, அங்குப் பௌத்தப் பள்ளிகள் பெருக உழைத்தார். 1882இல் சபையின் தலைமையிடம் அடையாற்றில் அமைந்தது. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தம் நாடி இலங்கை சென்றபோது உடன் நின்று உதவியவரும் இவரே.

ஊரூரைத் தொடர்ந்து கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கி நினைவுப் பள்ளியும், தேனாம்பேட்டையில் தாமோதர் பள்ளியும், மயிலாப்பூரில் திருவள்ளுவர் பள்ளியும் தோன்றின.

அந்நாளில் இக்குழந்தைகளுக்குக் கல்வி ஏறாது என்று கற்றோரும் கூறினர். திண்ணைப் பள்ளியின் வழியோ ஒன்றே: எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்தல், தவறினால் பிரம்பு. வீட்டில் ஏடும் எழுத்தும் கண்டறியாத பிள்ளை அங்கே திகைத்து நிற்பதில் வியப்பென்ன? ஆல்காட்டின் அழைப்பை ஏற்று அமெரிக்காவிலிருந்து வந்து இப்பள்ளிகளை மேற்பார்த்த பாமர் அம்மையார், ஜெர்மானிய அறிஞர் புரோபெல் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறையைக் கையாண்டார். மரக்கட்டைகளை அடுக்கியும் குச்சிகளை எண்ணியும் கணக்கறிதல், களிமண்ணைப் பிசைந்தும் காகிதத்தை மடித்தும் வடிவறிதல், பாட்டோடும் ஆட்டத்தோடும் சொல்லறிதல் என்பன அம்முறையின் இயல்பு. கேட்டும் கண்டும் கையால் செய்தும் கற்க அதில் இடமுண்டு. இதற்கென ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. பின்வந்த கோர்ட்ரைட் அம்மையார், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி 1906இல் ஒரு நூலே எழுதினார்.

ஆசிரியத் தொழிலில் யான் கண்டதும் இதுவே. வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறும் சிறுவன், தாய்க்காகக் கடைக்குச் சென்றால் மீதிச் சில்லறையைக் காசு குறையாமல் எண்ணி வாங்கி வருகிறான். கணக்கு அவனுக்கு வராதது அன்று. வேறு வழியாக வருகிறது. அவனை மந்தன் என்று கடைசிப் பலகையில் அமர்த்துவோர் இன்றும் உளர்.

ஆல்காட்டின் பள்ளிகளில் குறை இல்லாமலில்லை. அவை தொடக்கக் கல்வியளவில் நின்றன. உயர்கல்விக்கு ஏணி வைக்கும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. நம்மவர் கேட்டது முழு ஏணி. அதனைச் சொல்லாமல் அவரைப் புகழ்தல் முறையன்று.

1907 பிப்ரவரி 17ஆம் நாள் அவர் அடையாற்றில் காலமானார். கைவழிக் கல்வியை உலகறியச் செய்த மரியா மாண்டிசோரி 1939இல் அதே அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஊரூரில் தொடங்கிய அப்பள்ளி, பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அவர் வைக்காத மேற்படிகள் அங்கே பின்னர் வந்து சேர்ந்தன.