ஓநாய்க்காக வழக்காடிய வேட்டைக்காரர்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓநாயைச் சுடுவது குற்றம். எல்லையைத் தாண்டிவிட்டாலோ அதுவே வேட்டை. 2021-ம் வருஷம் மான்டானா மாகாணத்தார் பூங்காவையொட்டிய பிரதேசத்தில் வைத்திருந்த எண்ணிக்கை வரம்பை நீக்கினர். அந்தக் குளிர்காலத்தில் மாத்திரம் பூங்காவின் ஓநாய்கள் 25, எல்லைக்கு வெளியே மடிந்தன. எல்லைக் கோடு மனிதனுக்குத் தெரியும். இரையைத் துரத்திச் செல்லும் ஓநாய்க்குத் தெரியுமா? இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்தவர் ஆல்டோ லியோபோல்டு.

1887-ல் அயோவா மாகாணத்து பர்லிங்டனில் பிறந்த இவர், யேல் ஸர்வகலாசாலையில் வன சாஸ்திரம் கற்று, 1909-ல் அரிஸோனாவிலுள்ள அபாச்சி சர்க்கார் காடுகளில் உத்தியோகம் ஏற்றார். அங்கே ஒரு நாள் ஆற்றைக் கடந்து வந்த தாய் ஓநாயையும் அதன் குட்டிகளையும் அவரும் தோழர்களும் மலைமேலிருந்து சுட்டனர். அவர் இறங்கி வந்தபோது தாய்க்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அதன் கண்ணொளி மறைவதை அருகிருந்து பார்த்தார். அன்றே அவர் மனம் மாறிவிட்டதாகச் சிலர் சொல்வர், உண்மை அதுவன்று. பின்னும் பல வருஷம், ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்றே அவர் நம்பினார். நியூ மெக்ஸிகோவில் வேட்டைக்காரர் சங்கங்களைத் திரட்டி, கடைசி ஓநாய்வரை ஒழிக்கவேண்டுமென்று பிரசாரமும் செய்தார்.

அவரைத் திருத்தியவை மலைகளே. ஓநாய் ஒழிந்த இடங்களில் மான்கள் கட்டுக்கடங்காது பெருகி, இளஞ்செடிகளையெல்லாம் மேய்ந்து தீர்த்து, பட்டினியால் மடிந்தன. 1936-ல் மெக்ஸிகோ மலைகளிலோ ஓநாயும் மானும் ஒருங்கே இருக்க, காடு செழித்திருக்கக் கண்டார். 1943-ல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் மான்களைக் குறைக்கவேண்டுமென்று அவர் வாதாடியபோது ஜனங்கள் தூற்றினர், அவர் பின்வாங்கவில்லை. தாம் முன்பு பரப்பிய கொள்கையைத் தாமே எதிர்த்து நின்ற அந்த நெஞ்சுரம் நம்மிடையே பொது வாழ்வில் அபூர்வம்.

யெல்லோஸ்டோனில் 1914 முதல் 1926 வரை சர்க்கார் ஆட்களே 136 ஓநாய்களைக் கொன்று அவ்வினத்தை அங்கே அறுத்துவிட்டிருந்தனர். பிற இடங்களில் பிடிபட்ட ஓநாய்களிற் சிலவற்றையேனும் அப்பூங்காவில் ஏன் விடவில்லையென்று 1944-ல் லியோபோல்டு கேட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1995-லும் 1996-லும், கானடாவிலிருந்து 31 ஓநாய்கள் வந்திறங்கின.

அவருடைய மற்றொரு யோசனை இன்னும் நிறைவேறவில்லை. ஓநாய் நெடுந்தூரம் அலையும் பிராணியாதலால் பெரிய பூங்காவும் அதற்குப் போதாது, சூழ்ந்துள்ள சர்க்கார் காடுகளும் அதற்குப் புகலிடமாகவேண்டும் என்பது அது. கால்நடையை இழக்கும் பண்ணையாளரின் குறையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் காட்டில் யாருடைய மந்தையையும் தொடாத ஓநாயைச் சுடுவதற்கு அது சமாதானமாகாது.

1948 ஏப்ரல் 21-ல், அண்டைப் பண்ணையில் மூண்ட புல் தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் அங்கேயே மாண்டார். அந்த யோசனை அடங்கிய புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது.