பாப் ஸ்மியர் டெஸ்ட்: கடையில் கம்பளம் விற்ற டாக்டரும் 21 ஆண்டுகள் மாதிரி தந்த மனைவியும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க 'பாப் ஸ்மியர்' எடுக்கச் சொல்வார்கள். அந்த 'பாப்' ஒரு மனிதரின் பெயரில் பாதிகூட இல்லை. முழுப்பெயர் ஜார்ஜ் பாபநிகோலாவ்.

1883-ல் கிரீஸின் கிமி என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். இவரும் ஏதென்ஸில் மருத்துவம் படித்தார், ஆனால் மனசு ஆய்வகத்தில்தான் இருந்தது. மியூனிக்கில் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1913-ல் மனைவி மேரியோடு நியூயார்க்கில் இறங்கியபோது கையில் பெரிதாகப் பணமில்லை. கிம்பெல்ஸ் கடையில் இவருக்குக் கம்பளம் விற்கிற வேலை, மேரிக்குப் பட்டன் தைக்கிற வேலை.

அடுத்த ஆண்டே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கினிப் பன்றியின் கருமுட்டை எப்போது முதிர்கிறது என்று அவருக்குத் தெரியணும். விலங்கைக் கொல்லாமல் அதைக் கண்டுபிடிக்க, பிறப்புறுப்பிலிருந்து தினமும் துளி திரவம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்களின் தோற்றமே நாளைச் சொல்லிவிட்டது.

பெண்களிடமும் இப்படித் தெரியுமா? அதைப் பார்க்க நாள்தோறும் மாதிரி வேண்டும். மேரி தந்தார், சுமார் 21 ஆண்டுகள். ஆய்வகத்திலும் கூடவே வேலை பார்த்தார். குடும்பப்பெயர் ஒன்றுதானே, அந்த 'பாப்' மேரிக்கும் சேர்த்துத்தான் என்று நாமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு மற்றப் பெண்களின் மாதிரிகளையும் பார்த்தபோது, புற்றுநோய் உள்ளவர்களிடம் உருக்குலைந்த செல்கள் தென்பட்டன. 1928-ல் மிச்சிகனின் பேட்டில் க்ரீக்கில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சதையை வெட்டிப் பார்க்கும் பயாப்ஸி இருக்கும்போது உதிர்ந்த செல் எதற்கு என்பதே அன்றைய டாக்டர்களின் எண்ணம். ஆனால், சந்தேகம் வந்த பிறகு செய்வது பயாப்ஸி. எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணிடமும் ஸ்மியர் எடுக்கலாம். இந்த வித்தியாசம் உறைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. ருமேனியாவில் ஆரெல் பாபெஷும் 1927-லேயே தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். அவரை இன்று பலருக்குத் தெரியாது.

மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1941-ல் ஆய்வுக் கட்டுரையும் 1943-ல் புத்தகமும் வெளியிட்ட பிறகுதான் காற்று திசை மாறியது. முறையாகப் பரிசோதனை நடத்திய நாடுகளில் இந்தப் புற்றுநோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. உதிர்ந்து வரும் செல்லை வைத்தே நோயைப் பிடிக்கலாம் என்ற அதே யோசனைதான், இன்று நோயாளியின் ரத்தத்தில் புற்றுநோய் செல்களைத் தேடும் ஆய்வுகளிலும் இருக்கிறது.

1962 பிப்ரவரியில் மயாமியில் மாரடைப்பால் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9% மட்டுமே. பாப் ஸ்மியருக்கு லேப் வேணும், செல்லைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேணும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பெண் திரும்பி வரவும் வேணும். அதனால்தான் 2016-ல் வந்த அரசு வழிகாட்டுதல், அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தது: 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை.