டாக்டர் ஆர்ட்டன்

எழுத்தைக் கண்ணாகப் போற்றும் மரபு நம்முடையது. அந்த ஒளிக்கு ஒரு நிழலும் உண்டு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை மக்கு என்கிறோம். பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துகிறோம். மாடு மேய்க்கத்தான் இவன் தகுதி என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். எழுத்து வராதவனுக்கு அறிவும் இராது என்பது அத் தீர்ப்பின் அடிப்படை. அந்த அடிப்படையே தவறு என்று கண்ட ஒரு மருத்துவரின் வாழ்க்கையை நண்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

இளமையும் கல்வியும்

சாமுவேல் டாரி ஆர்ட்டன் 1879-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பிறந்தார். தந்தையார் எட்வர்ட் ஆர்ட்டன் நிலவியல் அறிஞர். இன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகம் என வழங்கும் கல்விக் கூடத்தின் முதல் தலைவரும் அவரே. ஆகவே மகன் வளர்ந்தது புத்தகங்களுக்கு நடுவில். 1905-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயுற்ற மூளையின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்வதே அவர் முதலில் மேற்கொண்ட தொழில்.

மூளையில் சேதமுற்ற பெரியவர் சிலர் பேச்சும் நினைவும் குன்றாமலே வாசிக்கும் ஆற்றலை மட்டும் இழப்பதை மருத்துவ உலகம் அறிந்திருந்தது. பிறவியிலேயே இத்தகைய இடர் உள்ள பிள்ளைகளும் உண்டு என்று இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் 1896-இல் எழுதினார். அவர் கண்ட சிறுவனுக்கு வயது 14. சொற்குருடு என்று அதற்குப் பெயரிட்டனர். ஆனால் இது மிக அரிதான நோய் என்பதே அன்றைய எண்ணம்.

அயோவாவில் கண்ட சிறுவன்

1919-இல் அயோவா மாநிலத்தின் மனநோய் மருத்துவமனைக்கு ஆர்ட்டன் தலைவரானார். நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1925-இல் கிரீன் என்னும் நாட்டுப்புற மாவட்டத்துக்குத் தம் குழுவினருடன் சென்று, நடமாடும் மருத்துவ முகாம் ஒன்றை நடத்தினார். படிப்பில் தேறாத பிள்ளைகளை அனுப்பும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். 88 பேர் வந்தனர். அவர்களில் 14 பேருக்கு வாசிப்பே பெருங்குறை. சோதித்துப் பார்த்தால் அவர்களில் பலர் மந்தபுத்தி உடையவர்களாக இல்லை. ஏறக்குறையச் சராசரி அறிவோ அதற்கு மேலோ பெற்றிருந்தனர்.

ஆர்ட்டனின் புகழ்பெற்ற கட்டுரையில் எம்.பி. என்ற முதலெழுத்துக்களால் மட்டும் குறிக்கப்படும் சிறுவனுக்கு அப்போது வயது 16. பல ஆண்டு பள்ளி சென்றும் அவனுக்கு வாசிப்பு வரவில்லை. அறிவுச் சோதனையில் அவன் பெற்ற எண் 71. சராசரி 100 என்று கொண்ட அளவு அது. வேறொருவராயின் அந்த எண்ணை ஏட்டில் பதிந்துவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டிருப்பார். ஆர்ட்டன் அவனோடு உட்கார்ந்து பேசினார். மோட்டார் எஞ்சினைப் பற்றிக் கேட்டபோது, அதன் உறுப்புக்களைக் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பவன்போல் அவன் விடை கூறினான். இவனையா இந்த எண் அளந்தது என்ற ஐயம் அவருக்குப் பிறந்தது. எழுத்தறிவை எதிர்பார்த்து அமைந்த சோதனை எழுத்து வராதவனுக்கு நீதி செய்யாது என்று உணர்ந்தார்.

ஆங்கில எழுத்தில் பீ, டீ இரண்டும் வலமிடம் மாறிய ஒரே வடிவம். எம்.பி. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டான். சிறு சொற்களையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசித்தான். இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர் கண்ணாடியில் தெரியும் தலைகீழ் எழுத்தை மற்றவரினும் எளிதாக வாசிப்பதையும் ஆர்ட்டன் கண்டார்.

வேற்று மாநிலத்துக்குப் படிக்க வந்த நமக்கு இந்த நிலை ஓரளவு விளங்கும். வந்த புதிதில் பஸ்ஸின் பலகையில் இருக்கும் எழுத்து வெறும் கோடும் வளைவுமாகத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் சிறு பிள்ளை அதைப் படித்துவிடுகிறது. நாம் வெட்கத்தோடு அதைக் கேட்கிறோம். நமக்குச் சில மாதங்களில் அந்தத் துன்பம் தீர்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்கோ தாய்மொழியின் எழுத்தே பதினாறு வயதிலும் வேற்று எழுத்தாக நிற்கிறது. துணைக்கு நம்மைப் போல் சக ஊர்க்காரரும் இல்லை.

கற்பித்த முறை

அந்நாளைய அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் சொல்லை முழுப் படமாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளும் முறை பரவியிருந்தது. பெரும்பாலோருக்கு அது ஒத்துவந்தாலும், சில பிள்ளைகளை அம்முறையே பின்தங்க வைக்கிறது என்று 1929-இல் ஆர்ட்டன் எழுதினார். அவர் சொன்ன வழி எளியது. ஓர் எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் ஒலியைக் காதால் கேட்டு வாயால் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் விரலால் அதன் வடிவத்தைத் தடவி எழுத வேண்டும். ஓர் ஒலி நன்கு படிந்த பின்பே அடுத்தது. பிறகு ஒலிகளை இடமிருந்து வலமாகக் கோத்துச் சொல்லாக்க வேண்டும். மணலில் விரல் வைத்து அரிச்சுவடி பயின்ற நம் பாட்டனாருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

முறையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பல ஆண்டு தோற்ற பிள்ளை, இனித் தோற்பதற்கு அஞ்சி முயற்சியையே விட்டுவிடுகிறது. அல்லது முரட்டுத்தனத்தில் ஒளிந்துகொள்கிறது. அது பிடிவாதமன்று, அடிபட்டதன் வலி என்று ஆர்ட்டன் கண்டார். ஆகவே, நிச்சயம் வெல்லக்கூடிய சிறு படியிலிருந்தே பாடம் தொடங்கவேண்டும் என்பது அவ்வழி வந்த ஆசிரியர்களின் கொள்கையாயிற்று.

பின்னர் அவர் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் நரம்பியல் பேராசிரியரானார். அங்கே அன்னா கில்லிங்காம் என்ற அம்மையாரும், அவர் தோழி பெஸ்ஸி ஸ்டில்மனும் இக் கருத்துக்களைப் படிப்படியான பாடத்திட்டமாக வகுத்தனர். ஆர்ட்டன்-கில்லிங்காம் முறை என்று இன்றும் அது வழங்குகிறது. தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1937-இல் ஆர்ட்டன் ஒரு நூல் வெளியிட்டார். 1948-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு சங்கம் எழுந்தது; இன்று அது அனைத்துலக டிஸ்லெக்சியா சங்கம்.

வீழ்ந்ததும் நின்றதும்

விஞ்ஞான மாணவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூளையின் இரு பாதிகளில் ஒன்று மற்றதன்மேல் முழு ஆட்சி பெறாததால் எழுத்துக்கள் திரும்பித் தெரிகின்றன என்பது ஆர்ட்டனின் கொள்கை. அது இன்று நிற்கவில்லை. எழுத்தைத் திருப்பி எழுதுவது தொடக்கத்தில் பிள்ளைகள் பலரும் செய்வதே. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில்தான் பெரும்பாலோருக்கு இடர் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒலியையும் எழுத்தையும் ஒழுங்காக, வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும் என்ற அவருடைய வழியை அதே ஆய்வுகள் ஆதரிக்கின்றன. கொள்கை வீழ்ந்தது, கண்ணால் கண்ட உண்மை நின்றது. சிறுவனைக் கூர்ந்து பார்த்ததில் பிழை இல்லை. காரணம் கூறியதில்தான் பிழை.

நம் கடமை

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. சென்னையில் 1991-இல் தொடங்கிய டிஸ்லெக்சியா சங்கம் இத்துறையில் தொண்டு செய்து வருகிறது. இக் குறைபாடுடைய மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் அளிக்கும் ஏற்பாடுகள் வந்துள்ளன. ஆயினும் அந்தக் கூடுதல் நேரத்தைக் கண்டு முணுமுணுப்பவர் நம் விடுதிகளிலும் உண்டு. ஒரு பக்கத்தை நாம் வாசிக்கும் நேரத்தில் ஒரு பத்தியைக் கடக்க அவர் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் முணுமுணுப்பு அடங்கும்.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நண்பர்கள் நம்மில் பலர். வாசிக்க இயலாத பையன் ஒருவன் நம்மிடம் வந்தால், பலர் நடுவே உரக்கப் படிக்கச் சொல்லி அவனை நாணச் செய்யாதிருப்போம். அவனுக்கு நன்றாக வருவது எது என்று முதலில் கேட்போம். சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவதாயினும் சரி, கணக்கை மனத்தில் போடுவதாயினும் சரி, அங்கே அவன் அறிவு நமக்குத் தெரியும். அவனுக்கும் அது நினைவுக்கு வரும். எழுத்தை அதன்பின் தொடங்கலாம்.