தட்டணுக் குறைவும் மருத்துவர் ஹாரிங்டனும்

ஐ.டி.பி. எனப்படும் தட்டணுக் குறைவு நோய் உள்ளோருக்குத் தட்டணுக்களை ஏற்றினாலும் அவை விரைவில் குறைந்துவிடுவது ஏன் என நீங்கள் வினவக்கூடும். இதற்கான விடைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஹாரிங்டன்.

1950-இல் அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர். தட்டணுக்கள் போதிய அளவில் உருவாகவில்லையா, அல்லது உருவானவை குருதியில் அழிக்கப்படுகின்றனவா என்பது அப்போது தெளிவாகவில்லை. ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் குருதியை, ஏறத்தாழ 500 மி.லி., தம் உடலிலேயே அவர் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயகரமாகக் குறைந்தன; தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றின; வலிப்பும் கண்டது. சில நாள்களில் அவர் நலமடைந்தார். இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இத்தகைய சோதனைக்கு இசைவளிக்காது. எவரும் இதனைப் பின்பற்றலாகாது.

உடன் பணியாற்றியோர் சிலரும் தன்னார்வத்துடன் அச்சோதனைக்கு உட்பட்டனர். முடிவுகள் 1951-இல் வெளியாயின. நோயாளியின் குருதியிலுள்ள ஒரு பொருளே தட்டணுக்களை அழிக்கிறது என அவை காட்டின. அப்பொருள் எதிர்பொருளே எனப் பின்னர் உறுதியாயிற்று. வெளியிலிருந்து ஏற்றப்படும் தட்டணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை. ஆதலால்தான் கடும் இரத்தக்கசிவு போன்ற நெருக்கடி நிலைகளிலன்றித் தட்டணுக்களை ஏற்றுவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைத் தணிக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை உங்கள் மருத்துவர் அளிக்கிறார். அவற்றைத் தாமாக நிறுத்த வேண்டா.

ஹாரிங்டன் பின்னர் மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, 1992-இல் மறைந்தார்.