தூத்துக்குடிக் கப்பலும் பாரசீக எண்ணெயும்

கடலுக்கு எல்லைக்கல் கிடையாது. தூத்துக்குடித் துறையில் நின்ற வெள்ளையரின் நீராவிக் கப்பலில் எந்தக் கம்பெனியின் கொடி பறந்ததோ, அதே கொடிதான் பாரசீக வளைகுடாவின் புஷையர் துறையிலும் பறந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்னும் அந்த ஸ்தாபனம், 1862-ஆம் ஆண்டு முதல், சர்க்கார் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தத்தின் பேரில் பம்பாயிலிருந்து வளைகுடாத் துறைகளுக்குக் கப்பல் விட்டு வந்தது. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைத் திருநெல்வேலி ஜில்லாவின் கதையாக மட்டும் சொல்லி நாம் பழகிவிட்டோம். அப்படிச் சொல்லும்போது அவர் எதிர்த்து நின்ற சக்தியின் நீள அகலம் விளங்குவதில்லை. ஆதலால் இன்று அவருடைய ஜீவியத்தை, அதே ஆண்டுகளில் பாரசீகத்தின் மலைநாட்டில் நடந்த காரியங்களுடன் சேர்த்து நோக்க விரும்புகிறோம்.

பிள்ளையவர்கள் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். ஒட்டப்பிடாரத்துக்கு அருகேதான் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே ஆண்ட கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். பிறகு கோட்டையையும் தரைமட்டமாக்கினர். அந்தச் சீமைக் குழந்தைகள் இக்கதையைக் கேட்டே வளர்ந்தனர்.

கம்பெனியார் பாளையங்களைப் பிடித்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் ஆற்காட்டு நவாபுக்காக வரி தண்டுவோர் என்ற வேஷத்தில் தாம்பிரவருணிக் கரைக்கு வந்தனர். பாளையக்காரர் ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேசினர். ஒருவனுக்கு விரோதமாக மற்றவனை நிறுத்தினர். இணங்கியவனுக்கு நிலமும் பட்டமும் கிடைத்தன. எதிர்த்தவனுக்குப் பீரங்கிக் குண்டு கிடைத்தது. வியாபாரி முன்னே, தூதன் நடுவே, சிப்பாய் பின்னே என்பதே அவர்கள் வகுத்த வரிசை.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே வரிசை பாரசீகத்தில் ஏறிச் சென்றது. 1888-ஆம் ஆண்டில் காரூன் நதி அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. லிஞ்சு சகோதரர் என்னும் ஆங்கில வர்த்தகர் அந்நதியில் நீராவிப் படகு விட்டனர். நதி முடிந்த இடத்துக்கு அப்பால் மலை. மலைக்கு உடையவர் பக்தியாரி என்னும் கூட்டத்தார். அவர்களுடைய தலைவர்களுக்குக் கான்கள் என்று பெயர். டெஹ்ரானிலிருந்த ஷாவின் கட்டளை அம்மலையில் பாதிதான் செல்லும். லிஞ்சு கம்பெனியார் கான்களுக்குக் கடன் கொடுத்து, அஹ்வாஸ் முதல் இஸ்பஹான் வரை கோவேறு கழுதைகள் செல்லும் பாதையொன்றை 1890-களின் முடிவில் அமைத்தனர். சுங்கம் வசூலிக்கும் உரிமை கான்களுக்கு. அந்தச் சுங்கத்திலிருந்து கடனும் வட்டியும் கம்பெனிக்கு. பாதையால் கான்களுக்கு வருமானம் வந்தது. அதனுடன் கடன்காரரின் நிலையும் வந்தது.

பிள்ளையவர்கள் இவ்வாண்டுகளில் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அத்துறை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் சில மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சும். சரக்கையும் ஜனங்களையும் தோணிகளே கொண்டுசேர்க்கும். கொழும்புக்குச் செல்லும் வியாபாரிகளும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் ஏழைக் கூலியாட்களும் அவ்வழியே போயினர். அக்கடல்வழி முழுவதையும் வெள்ளையரின் கப்பல் கம்பெனியே ஆண்டது. அதன் உள்ளூர் ஏஜண்டுகளான ஹார்வி கம்பெனியாரோ, தாம்பிரவருணி மலையினின்று இறங்கும் பாபநாசத்தில் 1880-களில் நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு நூல் ஆலை அமைத்தவர்கள். தூத்துக்குடியின் கோரல் ஆலையும் அவர்கள் வசமே. நமது ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்ற, நமது கரிசல் பஞ்சு நூலாக, அந்நூல் அவர்கள் கப்பலில் ஏற, ஆதாயம் அவர்கள் பெட்டியில் விழுந்தது.

இதைக் கண்டவர்கள் பலர். கண்டு பெருமூச்சு விட்டவர்களும் பலர். பிள்ளையவர்கள் கணக்குப் போட்டார். வங்காளப் பிரிவினையால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி நாடெங்கும் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது, துணியைச் சுமந்து வரும் கப்பலையே கேட்டார் அவர். 1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. கயத்தாற்றுத் தூக்கிலிருந்து சரியாக 107 ஆண்டுகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். செல்வர் மட்டுமின்றிச் சிறு வியாபாரிகளும் பங்கு எடுத்தனர்.

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா கம்பெனியாரிடம் வாடகைக்கு எடுத்த கப்பல் எதிரியின் நெருக்குதலால் திரும்பிப் போயிற்று. உடனே இலங்கை சென்று வேறொரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்தார் பிள்ளையவர்கள். பின்னர் சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்வேன் என்று சொல்லிச் சென்றவர், 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைத் தம் நாட்டாரின் உடைமையாக்கினார்.

இதன் பிறகு நடந்தது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கொழும்புப் பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. இனாமாகவே ஏற்றிச் செல்கிறோம், குடையும் தருகிறோம் என்று அவர்கள் ஆசை காட்டியதாகவும், ஒரு லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு விலகிவிடும்படி பிள்ளையவர்களிடம் பேரம் பேசியதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் சார்பு எப்பக்கம் இருந்தது என்று நாம் கூறவேண்டுவதில்லை.

இங்கேதான் பாரசீகத்தின் பக்கம் மீண்டும் திரும்பவேண்டும். 1901 மே 28-ஆம் தேதி வில்லியம் டார்சி என்னும் செல்வர், வடபாகத்து ஐந்து மாகாணங்கள் நீங்கலாகப் பாரசீகம் முழுவதிலும் எண்ணெய் தோண்டும் உரிமையை 60 ஆண்டுகளுக்கு ஷாவிடமிருந்து பெற்றார். விலை: 20,000 பவுன் ரொக்கம், அதே அளவுக்குப் பங்குகள், நிகர ஆதாயத்தில் நூற்றுக்குப் பதினாறு. ஆனால் எண்ணெய் இருந்ததோ பக்தியாரி மலையில். 1905 நவம்பரில் இஸ்பஹானிலிருந்த பிரிட்டிஷ் கான்சல் ஜெனரலே நடுவில் நின்று, கான்களுடன் வேறோர் உடன்படிக்கை செய்துவைத்தார். தோண்டும் வேலைக்குக் காவலாக ஆண்டுக்கு 2,000 பவுனும், ஏற்படும் கம்பெனியில் நூற்றுக்கு மூன்று பங்கும் கான்களுக்கு என்பது ஏற்பாடு. தன் நாட்டு மண்ணைப்பற்றி அந்நியத் தூதன் தன் குடிகளுடன் ஒப்பந்தம் எழுதியதை ஷாவின் சர்க்கார் ஆட்சேபித்தது. ஆட்சேபம் காகிதத்தில் நின்றது. 1907 ஆகஸ்டில் ஆங்கிலேயரும் ருஷியரும் பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகத் தமக்குள் வகுத்துக்கொண்டனர், பாரசீகத்தாரைக் கேட்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய்க் கிணறுகளைக் காக்க லெப்டினண்ட் வில்ஸன் என்பவரின் கீழ் குதிரைப்படையினர் வந்திறங்கினர். அவர்கள் இந்தியச் சிப்பாய்கள்! வியாபாரி, தூதன், சிப்பாய் என்ற பழைய வரிசையில் மூன்றாம் இடத்தை நிரப்ப நம்மவரே அனுப்பப்பட்டனர்.

தூத்துக்குடியிலும் மூன்றாம் கட்டம் நெருங்கியது. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஒன்பது நாளில் ஆலை முதலாளிகள் இறங்கிவந்தனர். கப்பலில் போட்டியிட்டவரே ஆலையிலும் தொழிலாளரை எழுப்பிவிட்டது துரைத்தனத்தாருக்குப் பொறுக்கவில்லை. விபின் சந்திர பாலரின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடினார்கள் என்பது காரணமாயிற்று. மார்ச் 12-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்ச் அவர்களைச் சிறைப்படுத்தினார். மறுநாள் தாம்பிரவருணிக் கரை கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, நகரசபை அலுவலகமும் போலீஸ் நிலையமும் தபால் நிலையமும் தீக்கு இரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் உயிரிழந்தனர்.

1908 மே 26-ஆம் தேதி பாரசீகத்தின் மஸ்ஜித்-இ-சுலைமானில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 7-ஆம் தேதி, நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரே சாம்ராஜ்யத்தின் ஒரே வியாபார நீதி, தனக்கு இணங்கிய மலைத் தலைவருக்குப் பங்குப் பத்திரமும், இணங்காத தூத்துக்குடி வக்கீலுக்கு விலங்கும் கொடுத்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அப்பீலில் ஹைகோர்ட்டு தண்டனையைக் குறைத்தது. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் பிள்ளையவர்கள் நாலரை ஆண்டுகளுக்கு மேல் கழித்தார். மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார்.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலைபோயின, அவற்றுள் ஒன்று எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. சிறைக்கோட்டத்தில் அவரை வருத்திய செய்திகளில் இதனிலும் கொடியது இருந்திராது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னத்துப் பறிபோயிருந்தது. திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்ப வழியின்றிச் சென்னையில் குடும்பத்துடன் தங்கி, சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தார் என்றும் கூறுவர். கப்பல் ஓட்டியவர் எண்ணெய் அளந்து விற்ற அக்காலத்தில், பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை 1914-இல் பிரிட்டிஷ் சர்க்காரே வாங்கிக்கொண்டது. வேறு, வியாபாரம் வேறு அரசாங்கம் என்று நமக்கு உபதேசித்தவர்கள் அவர்கள்தாம்.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னத்துத் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆதிக்கத்தைப் பகைத்தவர் ஆங்கிலேய மனிதனைப் பகைக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் அச்சேற்றி உதவினார். ஒத்துழையாமை விஷயத்தில் அபிப்பிராய பேதங்கொண்டு 1920-இல் காங்கிரஸை விட்டு விலகினார். 1927-இல் மீண்டும் சேர்ந்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தாம் விரும்பியபடியே, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்.

பிரிட்டிஷாரை நம்பிய பாரசீகத் தலைவர்களின் கதியையும் இங்கே சொல்லவேண்டும். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்காக அபாதான் தீவில் 1909-இல் இடங்கொடுத்தவர் முகம்மராவின் ஷேக் கஸ்ஸால். உம்மைக் காப்போம் என்று அவருக்கு வாக்களித்திருந்தனர். 1925-இல் ரேஸா கான் அவரைப் பிடித்துச் சென்றபோது வாக்களித்தவர் கைகட்டி நின்றனர். கஸ்ஸாலும் 1936-ஆம் ஆண்டிலேயே, டெஹ்ரானில் காவலில் மாண்டார். எதிர்த்தவரும் இணங்கியவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். ஒருவர் பெயரை இன்று தூத்துக்குடித் துறைமுகம் தாங்குகிறது.

பிள்ளையவர்களின் கம்பெனி தோற்றதற்கு, அவர் வியாபாரத்துடன் அரசியலைக் கலந்ததே காரணம் என்று அன்று சொன்னவர் உண்டு; கம்பெனியின் நிர்வாகிகளிலும் சிலர் அவ்வாறே எண்ணினர். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். எதிரியின் கப்பல் தபால் மானியத்தில் ஓடியது. எதிரியின் எண்ணெய் கான்சலின் பேனாவால் கிடைத்தது. அரசியல் இல்லாத வியாபாரம் அக்கடலில் எவருக்கும் இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டவர் பிள்ளையவர்கள். தெரியாதவர்போல் இருந்தவர்கள் அவரைக் குறை கூறினர்.

எனினும் நாம் மறைக்கக்கூடாத குறை ஒன்றுண்டு. அது அவர் குறையன்று. அவரைச் சூழ்ந்திருந்தவர்களின் குறை. ஒரு மனிதர் சிறை புகுந்தவுடன் ஒரு கம்பெனி மூச்சுத் திணறியது. ஆயிரக்கணக்கான பங்குகளை விற்க முடிந்த நாட்டில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கணக்கைப் பார்க்க நான்கு பேர் முன்வரவில்லை. ஆர்வத்தால் திரண்ட பணம் அச்சத்தால் கரைந்தது. கட்டணப் போரை ஆண்டுக்கணக்கில் தாங்கும் சேமிப்பு எதிரியிடம் இருந்தது. நம்மிடம் கைதட்டல் இருந்தது.

பொதுக்காரியத்தில் இறங்குவோர் பிள்ளையவர்களின் தியாகத்தைப் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. அவர் செக்கிழுத்த கதையைக் கண்ணீரோடு கேட்பவர்கள், அவர் கப்பல் ஏன் விலைபோயிற்று என்ற கதையைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கவேண்டும். தலைவர் சிறைப்பட்ட மறுநாள் நகரசபைக் கட்டடத்தைக் கொளுத்த ஆயிரம் பேர் வந்தனர். கம்பெனி அலுவலகத்தைத் திறந்து வைத்துக் காலியாவைக் கொழும்புக்குத் தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கப் பத்துப்பேர் உறுதியுடன் வந்திருந்தால், அதுவே சாம்ராஜ்யத்துக்கு அதிகம் சுட்டிருக்கும்.